மாமனாரின் கறுப்புக் காருக்கு நான் போட்ட பாலிஷ்

மாமனார் வீட்டில் கெட்ட பெயர் வாங்காமல் இருக்க ஒரே வழி, போனோமா சாப்பிட்டோமா தூங்கினோமா என்று இருப்பதுதான். என் சகலை ராஜசேகர், அதாவது என் மனைவியின் அக்கா கணவர், இதைக் கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். ஐயப்பன்தாங்கலிலிருந்து வருவார், சாப்பிடுவார், மின்விசிறிக்குக் கீழே படுப்பார், எழுந்து போய்விடுவார். நான் எதையும் புத்தகம் பார்த்து, குறிப்பெடுத்து, தேதி போட்டு வைக்கிறவன். எனக்கு இந்த ஞானம் வர ஒரு கார் பாழாக வேண்டியிருந்தது.

கார் மாமனாருடையது. அவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே எந்தத் தேதியில் பிறந்தவருக்கும் பணி ஓய்வு மாதத்தின் கடைசி நாளில்தான். (ஒன்றாம் தேதி பிறந்தவர் மட்டும் முந்தின மாதக் கடைசியிலேயே கிளம்ப வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.) அன்று மாலை சால்வையும் மாலையுமாக வெளியே வருகிறவரை, கேட்டுக்கு வெளியே காத்திருக்கும் காரில் ஏற்றி, பட்டாசு வெடித்து, மேளம் அடித்து, குவார்ட்டர்ஸ் வரை ஊர்வலமாகக் கூட்டிப் போவார்கள். பெரும்பாலும் வாடகைக் கார்தான். மாமனார் மட்டும் சொந்தக் காரில் வீடு திரும்ப ஆசைப்பட்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சைக்கிள் மிதித்தவர், அந்த ஒரு சாயங்காலத்துக்காகவே சர்வீஸின் கடைசிக் காலத்தில் கறுப்பில் ஒரு கார் வாங்கினார். செக்‌ஷனில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தார்.

தினமும் காலையில் அதைப் பனியன் வேஸ்ட்டால் துடைப்பார். (பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் துண்டுத் துணி. இயந்திர எண்ணெய் துடைக்க எல்லாத் தொழிற்சாலையிலும் இருக்கும்.) தண்ணீர் கிடையாது, வறட்டுத் துடைப்பு. ஆவடித் தூசியோ அரை மணல். ஆகவே வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வட்டவட்டமாக, சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். நிழலில் ஒன்றும் தெரியாது. மாமனார் அந்தக் காரை நிழலில்தான் பார்த்திருந்தார். வெயிலில் நிறுத்திக் காட்டிய புண்ணியவான் நான்.

"நீங்க துடைச்சுத் துடைச்சே வந்த கீறல் மாமா இது" என்றேன், பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழும்படி.

அவர் முகம் சுண்டிப்போனது. "அப்ப இன்னா பண்ணணும் மாப்ளே?"

பிறந்ததிலிருந்து நான் எதிர்பார்த்திருந்த கேள்வி. பெயிண்டுக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, கீறல் அதில்தான், அந்தப் பூச்சை மயிரிழை அளவு தேய்த்துச் சமப்படுத்தினால் கீறல் மறைந்துவிடும் என்று கையை வீசி வீசி விளக்கினேன். அவ்வளவு படித்திருந்தேன், அவ்வளவு வீடியோ பார்த்திருந்தேன். பாலிஷ் மிஷினைத் தொட்டது மட்டும் இல்லை.

மிஷினுக்கு யூசுப்பைப் பிடித்தேன். என்னோடு கல்லூரியில் படித்த பூந்தமல்லிக்காரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பாலிஷ் போடும் பட்டறை வைத்திருக்கிறான்.

"மச்சான், இது அண்டா தேய்க்கிற மிஷின்டா. வேகத்தக் கொறைக்க முடியாது."

"அண்டாவே தாங்குது, காரு தாங்காதா?"

(பூச்சு மயிரிழைதான் என்று மாமனாருக்குப் பாடம் நடத்திய அதே வாய்.)

யூசுப் கொஞ்சம் யோசித்தான். "அதுவும் கரெக்டுதான் மாமே. நம்ம அண்டாவுல மூஞ்சி பாத்து மீச வெட்டிக்கலாம்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டான். உலகத்தில் என் பேச்சைக் கேட்டு மனம் மாறிய ஒரே ஆள் அவன்தான். அதுவும் அன்றைக்குத்தானா நடக்க வேண்டும்?

ஓய்வு பெறும் நாள் திங்கட்கிழமை. முந்தின நாள் ஞாயிறு காலை, குவார்ட்டர்ஸ் வாசலில் வேலையைத் தொடங்கினேன். பானெட்டின் நடுவில் வெள்ளைப் பாலிஷ் பசையைத் தடவி, கம்பளிச் சக்கரத்தை அழுத்தாமல் ஓடவிட்டேன். துடைத்துப் பார்த்தால், உள்ளங்கை அகலத்துக்குக் கீறல் எதுவும் இல்லை. கறுப்புக் கண்ணாடி. மாமனார் குனிந்து அதில் தன் முகத்தைப் பார்த்தார். மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

"யப்பா! இன்னாமா கீது மாப்ளே! நாளிக்கி அத்தினி பேரும் வாயப் பொளக்கப் போறானுங்க" என்று வாய் நிறையச் சிரித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பினார். எனக்காக வஞ்சிரம். அவர் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

என் மனைவி செல்வி சொன்னாள்: "அதான் வந்துடுச்சே, இதோட விட்டுடுங்க. எப்படியும் மேல மாலைதான் போடப்போறாங்க."

"ஒரு இடம் பளபளன்னும் மீதி மங்கலாவும் இருந்தா பாக்கறவன் சிரிப்பான்" என்றேன்.

பானெட்டில் ஓரமாக நீளவாக்கில் ஒரு மேடு ஓடும். அந்த மாதிரி விளிம்புகளில் பூச்சு இன்னும் மெல்லியது, அங்கே மிஷினை நிறுத்தவே கூடாது. இதையும் படித்திருந்தேன். ஆனால் படித்தது தலையில் இருந்தது, மிஷின் கையில் இருந்தது. விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. காய்ந்துபோன பாலிஷ் பசை என்று முடிவு செய்து, அதைப் போக்க அழுத்தித் தேய்த்தேன். புள்ளி பொட்டானது. இன்னும் அழுத்தினேன். பொட்டு இட்லியானது.

"என்னங்க, அது பசை இல்லங்க! கருகுற வாசனை வருது!"

"உனக்கு இதெல்லாம் தெரியாது, தள்ளு."

இட்லி தோசையாக விரிந்த பிறகுதான் மிஷினை நிறுத்தினேன். கறுப்பு பெயிண்ட் முழுக்கப் போய், அடியிலிருந்த வெள்ளைப் பூச்சு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாமனார் மீன் பையோடு வந்து நின்றார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு அந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தார்.

"தொடச்சா போவாதா?"

"போகாது மாமா. திரும்பப் பெயிண்ட்தான் அடிக்கணும்."

"நாளிக்கிக்குள்ள?"

அவர் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மிஷினின் பிளக்கைப் பிடுங்கி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி, என் கையில் கொடுத்தார். "பத்தரமா குட்த்துடுங்க. அடுத்தவன் சாமான்."

ஞாயிறன்று எந்தப் பெயிண்ட் பட்டறையும் திறக்கவில்லை. மறுநாள் திறந்தாலும் மாலைக்குள் பெயிண்ட் காயாது என்பதால் நானாக ஒரு யோசனை செய்தேன். (நிறுத்தியிருக்க வேண்டாமா?) வெள்ளையின் மேல் கறுப்பு ஷூ பாலிஷை அப்பி, அதற்கு மேல் பெரிய சாமந்தி மாலையைப் போட்டு, கேட்டுக்கு வெளியே வெயிலில் காரை நிறுத்தினேன். சூட்டில் ஷூ பாலிஷ் உருகிப் பூவில் ஏறியது. மாமனார் சால்வையோடு வெளியே வந்தபோது, பாதி மாலை கறுப்பாக இருந்தது.

"இன்னா அண்ணாத்தே, மாலைக்கு மை பூசிக்கினு வந்துகீறாங்க!" என்றார் செக்‌ஷன் நண்பர் ஒருவர். கூட்டம் சிரித்தது. எத்தனையோ பேரை அதே இடத்தில் கைதட்டி வழியனுப்பியவர் மாமனார்.

அவர் காரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக நடந்துபோய், பின்னால் நின்ற ராஜசேகரின் வெள்ளைக் காரில் ஏறினார். வாங்கிய நாளிலிருந்து தண்ணீர் காணாத கார் அது. பின்கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் 'என்னைக் கழுவு' என்று எழுதியிருந்தார்கள். சகலை அன்று செய்ததெல்லாம் ஸீட்டில் கிடந்த சிப்ஸ் பாக்கெட்டைத் தட்டிவிட்டதுதான். மேளமும் பட்டாசும் அந்தக் காரோடு போயின. நான் கறுப்புக் காரைக் காலியாக ஓட்டிக்கொண்டு கடைசியில் போனேன்.

ஓய்வுக்குப் பிறகு சேக்காட்டில் மாமனார் வாங்கிய வீட்டின் கூடத்தில், அன்றைய ஊர்வலத்தில் எடுத்த அந்த வெள்ளைக் காரின் படம்தான் மாட்டியிருக்கிறது. கறுப்புக் காரின் பானெட்டில் பின்னர் பெயிண்ட் அடித்தாயிற்று. ஆனால் அவர் அந்தக் காரில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் தோசை கருகினாலும் குழாய் ஒழுகினாலும் முதல் கேள்வி, "சின்ன மாப்பிள்ளை கை வச்சாரா?" என்பதுதான். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலும் கேட்டார்கள்.

போன மாதம் அவருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, புதுக் கண்ணாடி வந்தது. அதில் லேசாகத் தூசி படிந்திருந்ததைப் பார்த்து, நான் எடுத்துச் சட்டை நுனியால் துடைக்கப் போனேன். மாமனார் கையை நீட்டினார்.

"குடுங்க மாப்ளே. அது நல்லாத்தான் கீது."

வீடே சிரித்தது. சகலைகூடத் தூக்கத்திலிருந்து எழுந்து சிரித்தார். மாமனார் மட்டும் சிரிக்காமல், கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.