துரைக்கு வந்த சம்பந்தம்

மேனேஜர் "உட்காருங்க" என்று சொன்னதும் லிஃப்ட் மெக்கானிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பதினாலு வருஷ சர்வீஸில் அந்த அறைக்குள் அவர் நின்றுதான் பேசியிருக்கிறார். நிற்க வைத்தால் திட்டு, உட்கார வைத்தால் அதைவிடப் பெரிதாக ஏதோ இருக்கிறது என்பது அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

மேஜையில் அவர் போன வாரம் கொடுத்த குடும்ப விவரப் படிவம் கிடந்தது.

"உங்க பையன் துரையைப் பத்திப் பேசணும்" என்றார் மேனேஜர்.

மெக்கானிக் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். காரணம் ரொம்பச் சுலபம். துரை ஒரு நாய்.

அந்த வார்த்தையை அவர் வீட்டில் யாரும் சொல்வதில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம். எந்தப் படிவம் வந்தாலும் 'குழந்தைகள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி எழுதி, கோழிக் கிறுக்கல் கையெழுத்துக்காரரான அவருக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் அச்சடித்தது போல அழகாக வந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை மனைவி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சாயங்காலமானா வாசல்ல உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கறது யாரு? உங்களுக்குக் காய்ச்சல்னா தட்டைத் தொடாம கிடக்கறது யாரு? இவனை வச்சுக்கிட்டே இல்லைன்னு எழுதறதுக்கு உங்களுக்கு எப்படிங்க கை வருது?" என்று கேட்டாள். அவருக்கும் கை வரவில்லை.

பெயர் துரை, உறவு மகன் என்று அவளே எழுதினாள். வயது நாலு என்று போட்டால் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்பார்கள். நாய்க்கு ஒரு வருஷம் மனுஷனுக்கு ஏழு வருஷம் என்று தீவன மூட்டையில் போட்டிருந்ததை நம்பி, இருபத்தெட்டு என்று போட்டார்கள். படிப்பு: ஆறு வாரப் பயிற்சி, முதலிடம். தொழில்: காவல். திருமணம்: ஆகவில்லை. எல்லாம் சத்தியமான உண்மை. படிவத்தின் அடியில், பொய்த் தகவல் தருபவர் வேலையிலிருந்து நீக்கப்படுவார் என்று பொடி எழுத்தில் இருந்ததை, கொடுத்துவிட்டு வந்த பிறகு நகலில்தான் படித்தார் மெக்கானிக்.

"செக்யூரிட்டி வேலையா?" என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"ஆமா சார். வாசல் காவல்."

"எத்தனை மணி நேரம்?"

"நேரமெல்லாம் பார்க்கமாட்டான் சார்."

"உழைப்பாளி. சிகரெட் உண்டா?"

"அந்த வாசனை வந்தாலே தும்முவான் சார்."

"பெரியவங்களை எதிர்த்துப் பேசுவாரா?"

"பொறந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசினதில்லை சார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அப்படிக் கழற்றியதும் அவரும் சாதாரணமான, கவலைப்படுகிற ஒரு அப்பாவாகத் தெரிந்தார்.

"எனக்கு ஒரே பொண்ணு. பள்ளிக்கூட டீச்சர். இருபத்தேழு வயசாச்சு. இதுவரைக்கும் பத்தொன்பது பேரைக் காட்டிட்டேன். ஒருத்தன் ரொம்பப் பேசறானாம். ஒருத்தன் தன்னைப் பத்தியே பேசறானாம். இன்னொருத்தன் இவளைப் பேசவே விடலையாம். எல்லாத்தையும் தட்டிக் கழிச்சுட்டா. நேத்து இந்தப் படிவங்களை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். உங்களுதை ரெண்டு தடவை படிச்சா. இவர்னா எனக்குச் சம்மதம்னுட்டா."

உண்மை மெக்கானிக்கின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கண் அந்தப் பொடி எழுத்தில் விழுந்தது. "வீட்டுல கேட்டுச் சொல்றேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "பொண்ணு எப்படி?" என்றாள்.

"உனக்குப் புத்தி பிசகிடுச்சா? வேலை போகப் போகுதுன்னு சொல்றேன்."

"அதுக்கில்லைங்க. டீச்சர்னு சொல்றீங்களே, அதட்டுவாளோன்னு கேட்டேன். நம்ம பையனுக்கு அதட்டினா தாங்காது."

துரை அவர் செருப்பில் தலையை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தன் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்த மாதிரியே இருந்தது.

கடைசியில் ஒரு யோசனை செய்தார்கள். துரையிடம் இருக்கிற குறைகளை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டால் மேனேஜரே ஓடிப்போவார். பொய்யும் சொன்னதாகாது.

மறுநாள் மெக்கானிக் தானாகவே மேனேஜர் அறைக்குப் போனார். "சார், பையனுக்கு முன்கோபம் ஜாஸ்தி. தபால்காரரைக் கடிச்சுட்டான்."

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். "ஏன்?"

"வாசல் கேட்டைத் திறந்தார் சார். அதுதான் காரணம்."

"கடமையில கண்டிப்பு. சரி, வேற?"

"நாள் பூரா சோபாவுல படுத்துக் கிடப்பான்."

"இருபத்திநாலு மணி நேரம் காவல் காக்கறவர் படுக்கத்தான் செய்வார்."

"அந்த சோபாவையும் ஒரு நாள் கிழிச்சுட்டான் சார்."

"புதுசு வாங்கிக்கலாம்."

மெக்கானிக் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "முடி ரொம்பக் கொட்டுது சார்."

மேனேஜர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "எனக்குக் கல்யாணத்தப்பவே பாதி கொட்டிப் போச்சு. அதையெல்லாம் குறைன்னு சொல்லாதீங்க, சம்பந்தி."

சம்பந்தி என்ற சொல் கண்ணாடித் தடுப்பைத் தாண்டி வெளியே போய்விட்டது. மத்தியானத்துக்குள் கம்பெனி முழுக்கப் பரவியது. ஸ்டோர்ஸ்காரர் கை குலுக்கினார். வழக்கமாக மெக்கானிக்கின் டீயை ஆறவிட்டுக் கொண்டு வரும் பியூன், சுடச்சுடக் கொண்டுவந்து வைத்தார். சாயங்காலம் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுபோனபோது, "சம்பந்தியைக் குழியில இறக்காதீங்க" என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. லிஃப்ட் குழியில் இறங்குவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை. அவர் பாட்டுக்கு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தன் அழிவை நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் மேனேஜர் கண் கலங்கியிருந்தார். "நீங்க சொன்ன குறையையெல்லாம் ஒண்ணு விடாம பொண்ணுகிட்டச் சொன்னேன். தபால்காரர், சோபா, முடி எல்லாம். கேட்கக் கேட்க அவ முகம் மலர்ந்துக்கிட்டே போகுது. கல்யாணம்னா இவரைத்தான், வேற யாரையும் இனிமே காட்டாதீங்கன்னு கண்டிப்பாச் சொல்லிட்டா. ஒரு போட்டோ குடுங்க, போதும்."

போட்டோ என்றதும் மெக்கானிக்கின் கை பர்ஸ் வரை போய்த் திரும்பியது. அவர் பர்ஸில் இருந்த ஒரே போட்டோவில் துரை நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தான். அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னார்.

"பையன் வெளிநாடு போறான் சார். அடுத்த வாரம். திரும்பி வர எத்தனை வருஷமாகுமோ."

இதுதான் அவர் சொன்ன முதல் முழுப் பொய். அது உடனே வேலையைக் காட்டியது.

"அப்போ காத்திருக்கக் கூடாது" என்று மேனேஜர் நாள்காட்டியைப் புரட்டினார். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. காலையில பத்து மணிக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வீட்டுக்கே வந்துடறோம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி துரையைக் குளிப்பாட்டி, காதுக்குள் துடைத்து, முடி சீவி, புதுக் கழுத்துப்பட்டை மாட்டினாள். மெக்கானிக் தலையில் கை வைத்தார்.

"என்ன பண்றே நீ?"

"யாரு வந்தாலும் என் பையன் அழுக்கா இருக்கக் கூடாது."

"அவன் ராத்திரியே கிளம்பிப் போயிட்டான்னு சொல்லப் போறேன். அவனைக் கொண்டுபோய் உள் ரூம்ல விட்டுட்டுக் கதவைச் சாத்து."

அவள் முகம் சுருங்கியது. இருந்தாலும் சாத்தினாள். கார் வந்து நின்றது. மேனேஜரும் அவர் மகளும் வந்து, கிழிந்த சோபாவில் கிழிசல் மேலேயே உட்கார்ந்தார்கள். மகள் அதிகம் பேசவில்லை. சோபாவின் பஞ்சை விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

மெக்கானிக் ஆரம்பித்தார். "பையன் நேத்து ராத்திரியே..."

உள்ளே துரை முனகினான்.

"உள்ளே யாரு?" என்றார் மேனேஜர்.

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள், "துரைதான்" என்று சொல்லிவிட்டாள் மனைவி. அவளுக்கு மகன் விஷயத்தில் பொய் வராது.

"கூச்சப்படறான் சார்" என்று சமாளித்தார் மெக்கானிக்.

மேனேஜர் எழுந்து கதவருகே போனார். "தம்பி, கூச்சமே வேண்டாம். உங்களுக்கு இஷ்டமில்லைன்னா தாராளமாச் சொல்லலாம்" என்றார் கனிவாக. கதவு பரபரவென்று சுரண்டப்பட்டது. கூடவே நெஞ்சைப் பிழிகிற மாதிரி ஒரு ஊளை.

மேனேஜர் திரும்பினார். அவர் முகமே மாறியிருந்தது. "கதவுக்கு வெளியில தாழ்ப்பாள் போட்டிருக்கு. கல்யாண வயசுல இருக்கற பையனை ரூம்ல வச்சுப் பூட்டியிருக்கீங்க. அவன் வாய் பேசாததுக்கு இப்பத்தான் காரணம் புரியுது. நான் போலீஸைக் கூப்பிடறேன்."

"வேண்டாம் சார், நான் சொல்றதைக் கேளுங்க..."

"அவர் என்ன சொல்றது, நான் திறக்கறேன்" என்று மனைவி எழுந்தாள். குரல் உடைந்திருந்தது. "பதினாறு வருஷம் இல்லை இல்லைன்னு சொல்லிட்டோம். இருக்கறவனையும் ஒளிச்சு வைக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்லைங்க."

தாழ்ப்பாளை இழுத்தாள். துரை வெளியே பாய்ந்து வந்தான். மெக்கானிக்கைச் சுற்றி ஒரு தடவை, மனைவியைச் சுற்றி ஒரு தடவை, அப்புறம் மேனேஜரைச் சுற்றி மூன்று தடவை ஓடினான். ஓடிக் களைத்து மகளின் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டான்.

மேனேஜர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"துரை எங்கே?"

"இவன்தான் சார்" என்றார் மெக்கானிக்.

"இது நாய்."

"இந்த வீட்டுல நாங்க அப்படிச் சொல்றதில்லை சார்."

மேனேஜருக்குக் காது வரை சிவந்துவிட்டது. பையிலிருந்து படிவத்தை எடுத்தார். அதைக்கூடக் கொண்டு வந்திருந்தார் மனுஷர். பேனாவைத் திறந்து நீட்டினார். "இந்தப் பேரை அடிங்க. இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்."

மெக்கானிக் பேனாவை வாங்கினார். 'இல்லை' என்பது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு எழுத வரும். துரை மடியிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்து வாலை ஆட்டினான். மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மெக்கானிக்குக்குக் கண்ணில் தண்ணீர் கட்டி, படிவத்தில் ஒரு கட்டமும் தெரியவில்லை.

"முடியாது சார்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "வேலை போனா வேற வேலை தேடிக்கறேன். இவனை இல்லைன்னு மட்டும் என்னால எழுத முடியாது."

"அப்போ சரி" என்ற மேனேஜர், படிவத்தில் தானே அடிக்கப் பேனாவை ஓங்கினார். ஓங்கிய கையோடு மகளைப் பார்த்ததும் அவருக்குத் துக்கம் பொங்கிவிட்டது. "என்னை மன்னிச்சுடும்மா. பத்தொன்பது பேரை வேண்டாம்னுட்டு, முதல் தடவையா ஒருத்தருக்குச் சம்மதம் சொன்னே. கடைசியில உன்னை ஒரு நாய்கிட்டக் கொண்டுவந்து உட்கார வச்சுட்டேனே."

மகள் துரையின் காதுக்குப் பின்னால் நிதானமாகச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"பேனாவை மூடி வைங்கப்பா. நாய்னு தெரிஞ்சுதான் நான் சம்மதம்னு சொன்னேன்."