கிணற்றில் இறங்கிய கடல் மிஷின்

இராஜபாளையம்,
18-8-1996.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி கிறிஸ்துராஜ் அவர்களுக்கு ஐயாதுரை வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு எல்லோருக்கும் உடம்பு சுகம். மனசு சுகமா என்பதைக் கீழே காண்க. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ் ஏறினால் செத்த நேரத்தில் உங்கள் வீட்டு வாசலில் நிற்கலாம். ஆனால் நேரில் வந்தால் உங்கள் வீட்டம்மா காப்பியும் முறுக்கும் கொடுத்து என் வருத்தத்தைக் கரைத்துவிடுவார்கள். ஆகையால் தபால்.

விஷயம் உங்கள் மகள் அமிர்தவல்லியைப் பற்றியது. மெட்ராஸில் கடல் ஆராய்ச்சி ஆபீசில் எஞ்சினியர் என்றுதான் கட்டிக்கொடுத்தீர்கள். மேஜையில் உட்கார்ந்து படம் வரைகிற உத்தியோகம் என்று நினைத்து நானும் சம்மதித்தேன். போன வாரம் அவளும் என் மகன் ராஜரத்தினமும் வந்து இறங்க, பின்னாலேயே ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஆள் நீளத்துக்கு ஒரு மரப்பெட்டியை நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். தவறிப்போனது யார் என்று தெருவே விசாரிக்க வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் மாலையோடு வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஏமாற்றமா சந்தோஷமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பெட்டிக்குள் மஞ்சள் நிறத்தில் சுறாமீன் மாதிரி ஒரு மிஷின். கயிறு கிடையாது, ஒயர் கிடையாது, உள்ளே ஆளும் கிடையாது. இன்ன இடத்துக்குப் போ, இன்ன ஆழத்தில் சுற்று என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், தானாகக் கடலுக்கடியில் போய் அங்குள்ள சூட்டையும் உப்பையும் குறித்துக்கொண்டு தானாகத் திரும்பி வருமாம். அடுத்த மாதம் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொண்டுபோய் மன்னார் வளைகுடாவில் விடப் போகிறார்கள். கூடவே இவளும் கப்பலேறுகிறாளாம். அதற்கு முன் ஆழமான தண்ணீரில் இறக்கிப் பார்க்க வேண்டும். பிளவக்கல் அணையில் தண்ணீர் போதவில்லை. ஆகவே நம் மம்சாபுரம் தோட்டத்துக் கிணறு போதும் என்று உங்கள் மகளே முடிவு செய்துவிட்டாள்.

அது பங்குக் கிணறு. இன்னொரு பங்காளி முத்துராமலிங்கம். வாய்க்கால் தகராறில் நானும் அவனும் பேச்சை விட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. அவன் வேட்டியில் தீப்பிடித்தால்கூட நான் பக்கத்து ஆளை விட்டுத்தான் சொல்லச் சொல்லுவேன். மிஷின் கிணற்றில் இறங்கி உள்ளே போய்விட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வர, ஒன்றும் தெரியாத முத்துராமலிங்கம் வழக்கம்போல மோட்டாரைப் போட்டுவிட்டான். வர வேண்டிய நேரம் கடந்தும் மிஷின் வரவில்லை. மோட்டார்க் குழாய் அதை அடியில் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. எங்கள் பகை தெரிந்ததால் மோட்டாரை நிறுத்தச் சொல்லி அவனிடம் போக ஒருத்தரும் துணியவில்லை. நான் இறங்குகிறேன் என்று இரண்டு பேர் சட்டையைக் கழற்றினார்கள். உங்கள் மகள் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். "யாரும் இறங்கக் கூடாது மாமா. மிஷின் போனாப் போகுது" என்றாள். சொன்ன குரல் திடமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணைத் தண்ணீரை விட்டு எடுக்கவில்லை. மூன்று வருஷமாக அவளும் இன்னும் சிலரும் செய்த மிஷினாம் அது. என் வீட்டுக்காரி ரோசம்மாள் சாப்பிடக் கூப்பிட்டும் அவள் அசையவில்லை.

சம்பந்தி, உள்ளதைச் சொல்லுகிறேன். மிஷின் போனால் கப்பல் பயணமும் போகும், பெண்பிள்ளை வீட்டோடு இருப்பாள் என்று என் மனசில் ஒரு நிம்மதி எழுந்தது. ஆனால் கால்கள் என்னைக் கேட்காமலே முத்துராமலிங்கத்தின் மோட்டார் அறை வாசலில் போய் நின்றுவிட்டன. "ஏலே, மோட்டாரை நிறுத்து. எனக்காக இல்ல. எம் மருமக மொகத்தைப் பாக்க ஏலல" என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபியூஸைப் பிடுங்கினான். "அம்புட்டுத்தானே. இதைக் கேக்கவா இத்தன வருசம்?" என்றான்.

திரும்பி வந்தபோது மஞ்சள் மூக்கு தண்ணீருக்கு மேலே வந்திருந்தது. அவள் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். ராஜரத்தினம் என்கிற உங்கள் மாப்பிள்ளை குடை பிடித்துக்கொண்டு நின்றான். அவனால் ஆனது அவ்வளவுதான்.

மிஷின் குறித்து வந்ததைக் கையோடு கொண்டுவந்திருந்த கம்ப்யூட்டரில் போட்டு, மேலே வெதுவெதுப்பு, அடியில் குளிர்ச்சி, வடக்கு மூலையில் மட்டும் திடீரென்று இன்னொரு குளிர்ச்சி, அங்கே ஊற்று இருக்கலாம் என்று காட்டினாள். அதைக் கேட்ட நாள் முதல் முத்துராமலிங்கம் தினமும் சாயங்காலம் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்து, கடலில் ஊற்று உண்டா என்று அவளிடம் விசாரிக்கிறான். இதுவும் உங்கள் மகளால் எனக்கு வந்த சங்கடம்.

ஆகையால் நீங்கள் இக்கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வந்து, இருபது ஆண்களோடு கப்பலேறுவது குடும்பத்துக்கு அடுக்காது என்று கண்டித்துச் சொல்ல வேண்டியது. நான் சொன்னால் "சரி மாமா" என்று சொல்லிவிட்டு மிஷினுக்கு எண்ணெய் போடுகிறாள்.

உங்கள் வீட்டாருக்கு எங்கள் அன்பு. ஆண்டவர் உங்களையும், முக்கியமாக உங்கள் பொறுமையையும் காப்பாராக.

இப்படிக்கு,
ஐயாதுரை.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது கப்பல் அதிகாரி போன் பண்ணினார். எடுத்தது நான். கப்பலில் பெண்களுக்கு அறை இல்லை, மிஷின் மட்டும் வந்தால் போதும், வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்றார். நான் வேண்டிக்கொண்டது அப்படியே வந்து சேர்ந்தது. ஆனால் எனக்கு வந்த கோபத்தில், "அவ ஏறலைன்னா மிஷினும் ஏறாதுய்யா. பெட்டிச் சாவி எங்கிட்டதான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சாவி என்னிடம் இல்லை. செத்த நேரம் கழித்து அவரே திரும்பக் கூப்பிட்டு, அறை ஒதுக்கியாயிற்று என்றார். எனவே நீங்கள் வரும்போது கண்டிக்க வேண்டாம். கப்பலில் வாந்தி வருமாம். நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டு வரவும். போன் விஷயம் அவளுக்குத் தெரிய வேண்டாம். நான் இன்னும் கோபமாக இருப்பதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.