ஓனரைக் கேட்டுட்டுச் சொல்றேன்

"ஓனரைக் கேட்டுட்டுச் சொல்றேன்மா" என்று மாடி வீட்டு டீச்சரிடம் சொல்லிவிட்டு, ஆகட்டும் சார் படியிறங்கிப் போய்த் தண்ணீர் மோட்டாருக்குப் பின்னால் நின்றுகொண்டார். அங்கே தன்னைத்தானே சற்று நேரம் கேட்டுப் பார்த்தார். பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேலே ஏறினார்.

"முடியாதுன்னுட்டார்மா. பாத்ரூம் சுவர் ஓதத்துக்கெல்லாம் செலவு பண்ண மாட்டாராம். வாடகையை வேற ஏத்தச் சொல்றார்."

"அந்த மனுஷனுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா சார்? எல்லா ஈரமும் எங்க சுவத்துலதான் இருக்கு."

"கல்நெஞ்சன்மா அவன்" என்று ஆகட்டும் சார் மனமார ஒத்துக்கொண்டார்.

அந்தக் கல்நெஞ்சன் அவர்தான். மூன்று வீடுகளும் அவருடையவை. வேலை பார்த்த காலத்தில் யார் எது கேட்டாலும் "ஆகட்டும்" என்று சொல்லியே அந்தப் பெயரை வாங்கியவர். ஓய்வு பெற்றதும் கையில் வந்ததை வீடுகளில் போட்டார். வாங்கியதில் சிரமமில்லை. குடியிருப்பவர் முகத்தைப் பார்த்து "முடியாது" என்று சொல்வதுதான் தொண்டையைத் தாண்டி வர மறுத்தது. அதனால் வெளியூரில் ஒரு கறார் ஓனரை உண்டாக்கி, தான் வெறும் மேனேஜர் என்று சொல்லிக்கொண்டார்.

வீட்டில் மனைவி கெடு வைத்திருந்தார். "எத்தனை வருஷமா அதே வாடகை? இந்தத் தடவையும் ஏத்தாம வந்தீங்கன்னா சாவிக்கொத்தை எங்கிட்ட குடுத்துட்டு டிவி பாத்துக்கிட்டு உக்காருங்க."

சாவிக்கொத்து அவருக்கு உயிர். ஓய்வுக்குப் பிறகு அவரை 'சார்' என்று கூப்பிட அந்த மூன்று வீடுகளை விட்டால் வேறு நாதி இல்லை.

டீச்சர் விடுவதாயில்லை. "நம்பர் குடுங்க. நானே பேசறேன்."

"அவருக்கு... உடம்பு சரியில்லம்மா."

"அடடா, எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டபடி கீழ் வீட்டுத் தையல்காரர் மேலே வந்துவிட்டார். "என்ன இருந்தாலும் அவர் வீட்ல குடியிருக்கோம். எல்லாருமா போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

ஆப்பிள் வாங்குவதா, ஆரஞ்சு வாங்குவதா என்று பேச்சு வளர்ந்தது. ஆகட்டும் சார் இரண்டு கைகளையும் வீசித் தடுத்தார்.

"வேணாம், வேணாம்! குணமாயிட்டார். ஞாயித்துக்கிழமை அவரே நேர்ல வரார்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

அவருக்குத் தெரிந்தவர்களில் ஓனர் களை உள்ளவன் மச்சான் ஒருவன்தான். நல்ல தொப்பை, கனத்த குரல். அக்கா வீட்டில் தங்கி வெகுகாலமாக வேலை தேடிக்கொண்டிருப்பவன். காலையில் தேடுவான். சாயங்காலம் 'வாக்கிங்' போய்விட்டு, விரல்களில் வெள்ளைப் பவுடரோடு திரும்பி வருவான்.

"மாப்ளே, 'முடியாது'ன்னு சொல்லு. 'வாடகை ஏறும்'னு சொல்லு. முறைச்சுட்டு எழுந்து வந்துடு. அவ்வளவுதான்."

"இதென்ன பெரிய விஷயம் அத்தான்? ஜமாய்ச்சுடறேன்."

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கேரம்போர்டை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டார்கள். மச்சான் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்தான். குழாய் பார்க்க வந்த பிளம்பரும் ஒரு பக்கம் நின்றுகொண்டார்.

"பாத்ரூம் சுவர் ஓதம் சார்" என்றார் டீச்சர்.

"இடிச்சுட்டுப் புதுசா கட்டிடலாம்."

ஆகட்டும் சார் இருமினார்.

"மோட்டார் பழசு" என்றார் தையல்காரர்.

"புதுசா ரெண்டு போடுவோம். ஒண்ணு ரிப்பேரானா என்ன பண்ணுவீங்க, பாவம்!"

இருமல் பலத்தது. நடு வீட்டு நர்ஸ் அவர் முதுகைத் தடவிவிட்டபடியே, "வாடகை சார்?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷத்துக்கு ஏத்தக்கூடாது. என்ன மேனேஜர், புரிஞ்சுதா?"

மறுத்தால் வேஷம் கலைந்துவிடும். மறுக்காவிட்டால் சாவிக்கொத்து போய்விடும். ஆகட்டும் சார் பலத்தையெல்லாம் திரட்டி வாயைத் திறந்தார். பழகிய சொல்தான் வந்தது.

"ஆகட்டும்."

எல்லாரும் கைதட்டினார்கள். டீச்சர் எழுந்து, "ஒரே ஒரு வேண்டுகோள் சார். இவர் தங்கமான மனுஷர். இவரை மட்டும் எங்களுக்கு மாத்திடாதீங்க" என்றார்.

"மாத்த மாட்டேன்" என்றான் மச்சான், பெரிய மனதோடு.

வயிறு எரிந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் ஆகட்டும் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டம் கலைந்ததும் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய பிளம்பர் பக்கத்தில் நின்றார்.

"நான் ஏம்ப்பா அப்படிச் சொன்னேன்? வேற வார்த்தையே வாயில வரலியே!"

"வராது சார்" என்றார் பிளம்பர் ஆறுதலாக. "வியாழக்கிழமை கேரம் முடிஞ்சதும் உங்க மச்சானை வெச்சு எல்லாரும் ஒத்திகை பாத்தோம்ல, அதுல உங்க வேஷம் எனக்குத்தான் குடுத்தாங்க. அந்த ஒரு வசனம்தான் சார் இருந்துச்சு."