தாமரைக் கடை வாசலில் ஒரு பொதுக்கூட்டம்

குற்றங்களை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். ஒன்று முன்பின் ஆனாலும் முதலாளிகள் வழக்கைத் திருப்பிவிடுவார்கள்.

முதல் குற்றம், பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு. நாங்கள் ஞாயிறுதோறும் சூப்புக் குடிக்கப் போகும் தாமரைக் கடையில் கேட்காமலே மேசைக்கு வரும் முளைப்பயறு, துளசி, எலுமிச்சைத் தட்டு வரவில்லை. கேட்டேன், வந்தது. பதினாறு வருடம் கேட்காமல் வந்ததைக் கேட்டு வாங்குவதற்குப் பெயர் பிச்சை.

இரண்டாம் குற்றம், மார்ச் முதல் ஞாயிறு. சும்மா கொடுத்த தேநீர் நின்றது. பானையைக்கூடக் கண்ணில் காட்டவில்லை.

மூன்றாம் குற்றம், மார்ச் கடைசி ஞாயிறு. மீன்தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் மேசையை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் வீடுகளுக்கு அனுப்பும் சாப்பாட்டுப் பைகளை அடுக்கினார்கள். பைகளுக்கு மீனைப் பார்க்கும் உரிமை உண்டு. எனக்கு இல்லை.

நான்காம் குற்றம், ஏப்ரல் மூன்றாம் ஞாயிறு. மெனு அட்டையை ஒழித்தார்கள். நூற்று எண்பத்தேழு வகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், என்ன அருமையான அட்டை. அதற்குப் பதிலாக மேசையில் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம். அதைப் போனில் படம் பிடிக்க வேண்டும். போன் என் பெயரைக் கேட்டது. பிறந்த நாளைக் கேட்டது. என்னை மூன்று முறை கைது செய்த போலீஸ்காரர்கள்கூட இத்தனை கேள்வி கேட்டதில்லை.

ஐந்தாம் குற்றம் அதே நாள், அரை மணி கழித்து. துயெட் அம்மாவைக் காணவில்லை. இருபது வருடம் அந்தக் கடையில் பரிமாறியவர். போன் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை அவர் தேவையில்லையாம். நான் சூப்பைக் குடித்து முடித்ததும் அதே போன், "பரிமாறியவருக்கு ஏதாவது அன்பளிப்பு?" என்று கேட்டது. ஆளைக் கொன்றவனே மலர்வளையத்துக்கு வசூலுக்கு வந்த மாதிரி இருந்தது.

கடையைக் கட்டியெழுப்பிய கிழவர் லாம் ஓய்வு பெற்று, அவர் மருமகன் வந்த பிறகு நடந்தவை இவை. எங்கள் சன்ஷைன் பகுதியில் சூப்புக் கடைகளுக்குப் பஞ்சமில்லை, வேறு கடைக்குப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான் இறைச்சித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவன். அநியாயத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகும் வழக்கம் எனக்கு இல்லை.

அன்று மாலையே சமையலறையில் கூட்டம் கூட்டினேன். எங்கள் வீட்டில் எல்லாம் முறைப்படிதான். தலைவர் நான். உறுப்பினர் என் மனைவி பாவ்லினா. தீர்மானத்தை எழுந்து நின்று வாசித்தேன்: மெனு அட்டையும் துயெட் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமையும் திரும்பி வரும்வரை, இந்த வீட்டார் தாமரைக் கடையில் காலடி வைப்பதில்லை.

"ஞாயித்துக்கிழமை யாரோடது?" என்றாள் பாவ்லினா.

அது பழைய விஷயம். ஓய்வு பெற்ற அன்று, கொஞ்சம் மது உள்ளே போன நிலையில், இனி ஞாயிற்றுக்கிழமைகள் உன்னுடையவை என்று அவளிடம் சொல்லியிருந்தேன். எழுத்தில் எதுவும் இல்லை.

"பொதுப் பிரச்சினை பேசுறப்ப சொந்த விஷயத்தை இழுக்காத."

"சொந்த விஷயமா? கல்யாணமாகி மூணாம் வாரம் மறியல். தெர்மாஸைத் தூக்கிட்டு வந்து தொழிற்சாலை கேட்டுக்கு வெளிய நின்னேன். மூத்தவ பொறந்தப்ப மறியல். அப்பா எங்கம்மான்னு டாக்டர் கேட்டாரு. கேட்டுக்கு வெளியன்னேன். முப்பத்தொரு வருஷம் கேட்டுக்கு வெளியவே குடும்பம் நடத்தியிருக்கேன் கார்மு. வாரத்துல ஒரு நாள், ஒரு மணி நேரம், வேற யாரோ வெச்சு, வேற யாரோ பாத்திரம் கழுவுற ஒரு கிண்ணம் சூப்பு. அதையும் புடுங்குறியா?"

"எதிர்த்து ஓட்டு போடு. அது உன் உரிமை."

"போட்டாச்சு."

"ஆதரவு ஒண்ணு. எதிர்ப்பு ஒண்ணு. சமமா வந்தா தலைவருக்குக் கூடுதல் ஓட்டு உண்டு. ஆதரவு. தீர்மானம் நிறைவேறியது."

பாவ்லினா ஏற்கெனவே கழுவிய தட்டுகளை மறுபடி எடுத்துக் கழுவினாள்.

அடுத்த ஞாயிறு மதியம் என் முன்னால் பாக்கெட் நூடுல்ஸ் வந்தது. நான் நிலைமையைத் தணிக்கப் பார்த்தேன்.

"மெனு உண்டா?"

"உண்டு. ஒண்ணாம் நம்பர், இது."

"ரெண்டாம் நம்பர்?"

"இதையே நீ எந்திரிச்சுப் போய்ச் செஞ்சுக்கிறது."

நான்கு ஞாயிறுகள் ஒன்றாம் நம்பரைத் தின்றேன். நான்காவது ஞாயிறு, மனம் கேட்காமல், ரயில் நிலையத்துப் பக்கம் நடந்து போய் எதிர்ச்சாரியிலிருந்து கடையைப் பார்த்தேன். எங்கள் புறக்கணிப்பால் ஆட்டம் கண்டிருக்கும் என்று நினைத்தேன். வரிசை முன்னைவிட நீளம். இரண்டு பேர் வராதது அந்தக் கடைக்குத் தெரியவே இல்லை. வயிறு எரிந்தது, பாக்கெட் நூடுல்ஸாலும்.

வீட்டுக்கு வந்து குமுறினேன். பாவ்லினா கம்பளி பின்னிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேர் சாப்பிடாம இருந்தா அதுக்குப் பேரு புறக்கணிப்பு இல்ல கார்மு. பத்தியம்."

"மக்களைத் திரட்டணும்."

"திரட்டேன். ஞாயித்துக்கிழமை பதினொண்ணரைக்கு அங்க நாப்பது பேர் நிக்கிறாங்க. எங்கயும் ஓட மாட்டாங்க. வாழ்நாள்ல உனக்கு இப்படித் தானாக் கூடுன கூட்டம் கிடைச்சிருக்கா?"

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் விஷமம் இல்லை. ஊசி மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடியது. இத்தனை வருடம் கழித்து இவளுக்கு வர்க்க உணர்வு வந்துவிட்டது என்று எண்ணி நெகிழ்ந்துபோனேன். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் செய்யும் தவறுகளில் நெகிழ்வதுதான் பெரிது.

துண்டறிக்கை எழுதினேன். அவளே திருத்தினாள். "சூப்புக் கடைக்கு ஒரு ஏகாதிபத்தியம் போதும்" என்று மூன்றில் இரண்டை அடித்தாள். அறுபது பிரதி எடுத்துக் கொடுத்தாள். ஞாயிறு காலை சர்ச் பூசைக்குக் கிளம்பும்போது, "முடிஞ்சதும் நேரா அங்க வந்துடுறேன், நீ நிதானமா வா, மூச்சு வாங்கிட்டுப் பேசக் கூடாது" என்றாள். என் தொண்டைக்கு வெந்நீர்கூட வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

பதினொன்றரைக்கு நான் போய்ச் சேர்ந்தேன். கையில் துண்டறிக்கைக் கட்டு, ஏறி நின்று பேசப் பால் அடுக்கும் ஒரு பிளாஸ்டிக் கூடை. பாவ்லினா எனக்கு முன்பே வந்திருந்தாள். வரிசையில் கதவிலிருந்து ஆறாவது இடத்தில், கைப்பையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இங்க எதுக்கு நிக்கிற?"

"இங்கேருந்து குடுத்தா கை மாறிக் கை மாறி வால் வரைக்கும் போயிடும்."

நல்ல உத்தி. பாராட்டிவிட்டுத் துண்டறிக்கைகளில் பாதியை அவளிடம் கொடுத்தேன்.

கதவருகில் லின் என்ற பெண் ஒரு பட்டியலோடு நின்றாள். மருமகன் கொண்டுவந்த இன்னொரு சட்டம் அது. வந்ததும் பெயர் கொடுக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். மேசை காலியானால் பெயரை வாசிப்பாள். வரிசையை விட்டு நகர்ந்தவர் பெயரை அடித்துவிடுவாள்.

"அங்கிள், கொஞ்சம் தள்ளிப் பேசுறீங்களா? பேர் வாசிக்கிறது கேக்காது" என்றாள்.

"இந்த ஊர்ல பேசுறதுக்கு இன்னும் தடை போடல பாப்பா" என்று சொல்லிவிட்டுக் கூடை மேல் ஏறினேன்.

பேசினேன். என் குரலுக்கு வயதாகவில்லை. முளைப்பயறில் தொடங்கி, தேநீரைத் தொட்டு, மீன்தொட்டியில் கொந்தளித்து, போனில் உச்சத்துக்குப் போனேன். போன் என்றதும் கூட்டம் சிலிர்த்தது. "என் போனுக்கு அந்தக் கட்டமே தெரியல" என்றார் ஒரு பெரியவர். "என் பேர்ல பத்துக் கிண்ணம் அனுப்பிடுச்சு" என்றாள் ஒரு பெண். கைதட்டினார்கள். நடுவில் லின் ஐந்து பெயர்கள் வாசித்தாள். ஐந்து குடும்பமும் என் கையைக் குலுக்கி வாழ்த்திவிட்டு உள்ளே போயின. அதை நான் தனித்தனிச் சபலமாகவே எடுத்துக்கொண்டேன். இயக்கம் கெட்டியாக இருந்தது.

"நண்பர்களே, இன்று இந்தக் கடையைப் புறக்கணிப்பதை ஆதரிப்பவர்கள் கையை..."

"தலைவரே, ஒரு ஒழுங்குப் பிரச்சினை" என்றது வரிசையின் முதல் இடத்திலிருந்து ஒரு குரல். பாவ்லினா.

"சொல்லுங்க உறுப்பினரே."

"கை தூக்கச் சொன்னா ஒருத்தரே ரெண்டு கையத் தூக்குவாங்க. கைக்குழந்தை கையையும் சேத்துத் தூக்குவாங்க. நாளைக்கு மருமகன் செல்லாதுன்னு சொல்லிட்டா? சங்கத்துல முக்கியமான ஓட்டுக்கு ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு நிக்கத்தானே சொல்லுவீங்க?"

முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு சரியான ஒழுங்குப் பிரச்சினையை யாரும் கிளப்பியதில்லை. என் மனைவி. கூடையிலிருந்து இறங்கி, தபால்பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஆதரிக்கிறவங்க வரிசையை விட்டு வெளிய வந்து, இந்தப் பக்கம் என்னோட நில்லுங்க. எதிர்க்கிறவங்க இருக்கிற இடத்துலயே நில்லுங்க."

கதவு திறந்து மூட, எலும்பு வேகும் சூப்பின் மணம் நடைபாதை முழுவதும் பரவியது. சோம்பும் பட்டையும் வதங்கிய வெங்காயமும். போன் கதை சொன்ன பெரியவர் ஒரு காலை வெளியே எடுத்து வைத்தார். பின்னால் நின்றவள் அரையடி முன்னால் வந்தாள். பெரியவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வேறு யாரும் அசையவில்லை. பாவ்லினாவும் அசையவில்லை. ஆதரவு ஒன்று. தபால்பெட்டியையும் சேர்த்தால் இரண்டு.

அப்போதுதான் வரிசையின் நடுவில் அந்த முகத்தைப் பார்த்தேன். துயெட் அம்மா. நீல உடையில், இரண்டு சிறு பெண்களைக் கையில் பிடித்தபடி.

"துயெட் அம்மா, நீங்களுமா? இது உங்களுக்காக நடக்கிற போராட்டம்."

"நோட்டீசைப் படிச்சேன் முப்பத்திரண்டு சார்." பதினாறு வருடமாக அவர் என்னைக் கூப்பிடும் பெயர் அது, நான் குடிக்கும் சூப்பின் எண். "எம் பேர் நாலு எடத்துல இருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"உங்க ஞாயித்துக்கிழமையைப் புடுங்கிட்டாங்கம்மா."

"இருபது வருஷம் ஞாயித்துக்கிழமை இந்தக் கதவுக்கு உள்ள நின்னேன். காலு வீங்கிப் போச்சு. இப்ப பள்ளிக்கூட கேன்டீன்ல வேலை, திங்கள்லேருந்து வெள்ளி. இன்னைக்கு எம் பொண்ணு வாங்கித் தரா. பேத்திங்களோட உக்காந்து சாப்பிடப் போறேன், வேற ஒருத்தர் கொண்டுவந்து வைக்கப் போறாங்க. அந்த ஞாயித்துக்கிழமையத் தயவுசெஞ்சு எனக்குத் திருப்பி வாங்கிக் குடுத்துடாதீங்க சார்."

பாவ்லினா தலையைக் குனிந்துகொண்டாள். துயெட் அம்மா சொன்னது அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள். எனக்கும் தெரிந்தவைதான், வேறு குரலில்.

இருந்தும் விடவில்லை. தோற்பவன் கடைசித் துண்டு நிலத்தில் நின்றுதான் சுடுவான். "அப்ப மெனு அட்டை? அதுக்கு என்ன பதில்?"

"அட்டையா?" என்றாள் லின். "வயசானவங்களுக்குன்னு நாலு வெச்சிருக்கோமே அங்கிள். கேட்டா குடுப்போம். ஆன்ட்டி வியாழக்கிழமையே வந்து ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க." கையிடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். சிவப்பு அட்டை, ஓரம் கிழிந்தது. நூற்று எண்பத்தேழும் இருந்தன.

"கேட்டுக் கிடைக்கிறது உரிமை ஆகாது" என்றேன். எனக்கே அது பசியில் பேசுகிறவன் குரலாகக் கேட்டது.

"தலைவரே." பாவ்லினாவின் குரலில் இப்போது கோபம் இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. "ஓட்டுல தோத்த பக்கம் என்ன செய்யணும்?"

நாற்பது பேர் என்னையே பார்த்தார்கள். வாழ்நாள் முழுவதும் நான் மற்றவர்கள் தொண்டையில் திணித்த பதில்.

"பெரும்பான்மைக்குக் கட்டுப்படணும்."

"பின்னாடி கேக்கல சார்" என்றார் போன் பெரியவர்.

"கட்டுப்படணும்" என்று கத்தினேன்.

உள்ளே ஒரு மேசையைத் துடைத்து முடித்தார்கள். லின் பட்டியலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். துயெட் அம்மாவும், பெரியவரும், என் துண்டறிக்கையால் விசிறிக்கொண்டிருந்த மற்றவர்களும் கேட்க, ஓர் எழுத்து விடாமல் உரக்க வாசித்தாள்.

"தோழர் கார்மெனு செராஃபா. ரெண்டு பேர். பத்தே முக்காலுக்கே பேர் குடுத்தது."