வாயால் சொல்லக்கூடாத கடவுச்சொல்

லேப்டாப்பில் கறுப்பாக ஒரு ஜன்னல் திறந்திருந்தது. கடவுச்சொல்லைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. தேவராஜ் ஒற்றை விரலால் ஒரு எழுத்தை அமுக்கிப் பார்த்தார். திரையில் ஒன்றும் விழவில்லை. ஆணி அடிப்பதுபோல் மறுபடி அமுக்கினார்.

"இன்னாம்மா இது, எழுத்தே வுழல?"

"வுழாது மாமா. யாரும் பார்த்துடக் கூடாதுன்னு மறைச்சு வெக்கும். நீங்க பாட்டுக்கு அடிங்க" என்றாள் போனில் மருமகள் ராஜேஸ்வரி.

அவள் வந்த பஸ் அமிர்தி பக்கம் பஞ்சராகி நின்றது. அவள் எழுதி முடித்து வீட்டு லேப்டாப்பில் வைத்திருந்த புரோகிராம் பதினொரு மணிக்குள் கம்பெனிக்குப் போயாக வேண்டும். தவறினால் புது வேலை போய்விடும். ஜவ்வாது மலைமேல் உட்கார்ந்தபடியே மருமகள் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறாள் என்று கண்ணமங்கலம் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார் தேவராஜ். முப்பது வருடம் தபால் ஆபீசில் இருந்தும் ஒருவர் கடிதத்தைக்கூடப் பிரித்துப் பார்க்காத கை அவருடையது. மருமகளும் மரியாதை தெரிந்தவள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால் பேசாமல் கார்டை நீட்டுவாள். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒரு இழுக்கு வரலாமா?

நேற்றுதான் அவள் இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தாள். புரோகிராமை அனுப்பும் வழியைத் திறக்க, கம்ப்யூட்டரே ரகசிய எண்களால் செய்துகொடுத்த ஜோடிச் சாவிகள். ஒன்று கம்பெனிக்குப் போனது. இன்னொன்று இந்த விண்டோஸ் லேப்டாப்பில், கடவுச்சொல்லின் காவலில் இருந்தது.

"சரி, வார்த்தையைச் சொல்லு."



"மாமா... அதை நான் வாயால சொல்ல மாட்டேங்க."

"ஏன், பஸ்ல கும்பலா?"

"அதுக்கில்ல. சொன்னா மரியாதையா இருக்காது. ஏதோ ஒரு வேகத்துல வெச்சுட்டேன், மன்னிச்சுடுங்க. அத்தைகிட்ட குடுங்க."

பச்சையம்மா போனைக் காதில் வைத்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்ய! நாப்பது வருசத்துல ஒரு நாளு அது என் வாயில வந்திருக்குமா? என்னால ஆவாதும்மா!"

போனைக் கணவர் கையில் திணித்துவிட்டு, சிரித்துக்கொண்டே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

தேவராஜின் முதுகு விறைத்தது. பச்சையம்மாவின் வாயிலேயே வராத வார்த்தையா? ஊர்க் குழாயடியில் அவள் பேசியதை அவர் கேட்டிருக்கிறார்!

கதவைத் தாழிட்டார். மானமா, மருமகள் வேலையா என்று ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"கழுதையா?"

"இன்னாங்க மாமா?"

அதற்குள் அடித்துவிட்டிருந்தார். ஜன்னல் மறுத்தது.

"சோமாரி?"

"அய்யோ மாமா!"

"பேமானி?"

மூன்று முறை தவறியதும் ஜன்னல் அவரை வெளியே தள்ளியது. ராஜேஸ்வரி முதலிலிருந்து கட்டளையைச் சொல்ல, அவர் எழுத்தெழுத்தாக அடித்தார். மணி பத்து ஐம்பது. இந்த முறை சற்றுக் காரமாகவே தொடங்கினார். தபால் ஆபீசில் முப்பது வருடம் விழுங்கி வைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தது. சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் குரலையும் உயர்த்தினார்.

"மாமா, மெதுவா! பஸ் முழுக்கக் கேக்குது. நம்ம ஊருக்காரங்க இருக்காங்க!"

"கேக்கட்டும்! வெச்சவ நீ, கெட்ட பேரு எனக்கா? பொறம்போக்கா? அதுவும் இல்லியா? அப்ப இன்னாதாம்மா வெச்சுத் தொலைச்சே?"

போனில் ஏதோ சலசலப்பு. மணி பத்து ஐம்பத்தைந்து. வேறொரு குரல் வந்தது.

"பெரியவரே, நான் கண்டக்டர் அருணகிரி. கொஞ்சம் நிறுத்துங்க, பஸ்ல பொம்பளைங்க இருக்காங்க. உங்க மருமவ டிக்கெட்டுக்குப் பின்னால எழுதிக் குடுத்திருக்கு. படிக்கிறேன், அப்பிடியே அடிங்க: தேவராஜ்."