பன்னிரண்டாம் அறைக்கு இரண்டு கட்டில்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் ஒரு காலில் மாவுக்கட்டோடும் மறு காலில் நலத்தோடும் இருக்கிறேன். தாங்களும் சம்பந்தியம்மாவும் ஆளுக்கு இரண்டு காலிலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று விசாரிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். நிற்க. (என்னால் நிற்க முடியாது. கடிதம் என்றால் எழுதித்தானே ஆகவேண்டும்.)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தங்கள் புதல்வரும் என் மாப்பிள்ளையுமானவர் தங்கமான பிள்ளை. ஆஸ்பத்திரியைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியதில் நடந்த குளறுபடியில் அவருக்குக் கடுகளவும் பங்கில்லை. இதை அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டியவர் பெற்றவரான தாங்கள்தான். நான் சொன்னால் மாமனார் மாப்பிள்ளை உறவில் விரிசல் விழும். பாவம், எங்கே தப்பு நடந்தது என்று புரியாமல் சோறு தண்ணீர் இல்லாமல் அலைகிறார். பெரிய டாக்டர் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறாராம், வேலைக்கே உலை வைத்துவிடுவார்களாம். தங்கள் மருமகள் (அழாத நாட்களில் என் மகள்) என் கட்டிலோரம் வந்து அழுதுவிட்டுப் போனாள். நான் ஆறுதல் மட்டும் சொன்னேன்.

நான் பல்பு மாற்ற நாற்காலியில் ஏறி, இறங்கும்போது நாற்காலியை மறந்து இறங்கிய கதை தங்களுக்குத் தெரியும். பழைய ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். அதைக் கட்டடம் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். குழாயைத் திறந்தால் காற்று வரும், ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் வரும். எங்கள் வார்டில் ஃபேன் போட்டால் பிரசவ வார்டில் விளக்கு அணையும், உடனே அங்கிருந்து ஒரு கத்தல் கேட்கும், அது வலியாலா இருட்டாலா என்று நாங்கள் இங்கே பட்டிமன்றம் நடத்துவோம். ஆனாலும் சம்பந்தி, வரிசையாகக் கட்டில், ஒருத்தர் தும்மினால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் பித்தப்பைக் கல்லோடு ஒரு ரிட்டயர்ட் பஸ் கண்டக்டர். ஸ்ட்ரெச்சரில் யாரைத் தள்ளிக்கொண்டு போனாலும் "எங்க இறங்கணும்?" என்று கேட்பார். அவருக்கும் எனக்கும் பொழுது விடிந்தால் வாக்குவாதம், பொழுது சாய்ந்தால் வாக்குவாதம். என் வீட்டுக்காரி போன பிறகு நான் இவ்வளவு பேசியதே இல்லை.

இப்படி இருக்கையில்தான் எதிர்ப்பக்கம் புதுக் கட்டடம் தயாராகி, இடமாற்றப் பொறுப்பை மாப்பிள்ளையிடம் கொடுத்தார்கள். "இனிமே வார்டே கிடையாது மாமா. ஆளுக்கு ஒரு ரூம், அவங்கவங்க கதவு, அவங்கவங்க டிவி" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள், மாப்பிள்ளையாச்சே என்று நானும் தட்டினேன். தட்டி முடிச்சப்புறம்தான் யோசிச்சேன். தனி ரூமுக்கு எனக்கென்ன பஞ்சமா? வீட்டுல மூணு ரூம் இருக்கு, மூணுலயும் நான்தான் இருக்கேன். இருட்டுல தனியா இருக்கப் பயந்துதானே அந்த பல்பை மாத்தவே ஏறினேன்! இதை மாப்பிள்ளைகிட்ட எந்த வாயால சொல்றது?

மறுநாள் ஒவ்வொரு சாமானிலும் அது போகவேண்டிய அறை நம்பரை ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டு வந்தார்கள். என் கட்டிலுக்கும், கட்டிலோரம் போட்டிருந்த என் நாற்காலிக்கும் 12. கண்டக்டர் கட்டிலுக்கு 27, அதுவும் மாடியில். திறப்பு விழாவுக்கு வரும் பெரிய மனிதர் 27-ஆம் அறையில்தான் முதல் நோயாளிக்குப் பூங்கொத்து கொடுப்பாராம். கண்டக்டருக்குச் சிரித்த முகம் என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவர் அப்படிச் சிரிப்பது என்னைப் பார்த்து என்பது இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது. நான் என்ன பெரிய கொலையா பண்ணினேன்? என் நாற்காலியில இருந்த 12-ஐ உரிச்சு அவர் கட்டில்ல ஒட்டினேன். அவ்வளவுதான். அவர் கட்டில்ல இருந்து உரிச்ச 27 கையில மிஞ்சிடுச்சு. மாப்பிள்ளை கையால எழுதினதைக் குப்பையில போட மனசு வரலை. வாக்கரைத் தள்ளிக்கிட்டு வராந்தாவுக்குப் போனேன், அங்க ஒரு நீளமான இரும்புப் பெட்டி துணி போத்திக் கிடந்தது, ஏதோ பெரிய ஃபிரிட்ஜுன்னு நினைச்சு, அது மேல இருந்த ஸ்டிக்கருக்கு மேலேயே இதையும் அழகா ஒட்டிட்டு வந்துட்டேன்.

மாறிய நாளைப் பார்த்திருக்க வேண்டும். படுத்த வாக்கில் எங்களைக் கட்டிலோடு ரோட்டைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை நடுரோட்டில் நின்று விசிலடித்து லாரியை நிறுத்தினார், கண்டக்டர் படுத்தபடியே "ரைட், போலாம் ரைட்!" என்றார், நின்ற லாரி கிளம்பிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 12-ஆம் அறையில் இரண்டு கட்டிலும் இடித்துக்கொண்டு நின்றன. நர்ஸம்மா "ஒரு ரூமுக்கு ஒரு கட்டில்னுல்ல சொன்னாங்க?" என்றார். கண்டக்டர் "அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்கம்மா" என்றுவிட்டார். எனக்கு அப்படியொரு நிம்மதி.

மாடியில்தான் வினை. பெரிய மனிதர் பூங்கொத்தோடு 27-ஐத் திறந்திருக்கிறார், பின்னாலேயே பெரிய டாக்டர், கேமராக்காரர். உள்ளே துணி போர்த்திய நீளப் பெட்டி. புதுவகைக் கட்டிலாக்கும் என்று அவரே மூடியைத் திறந்தாராம். அது பிணவறை ஐஸ் பெட்டி. நல்லவேளை, காலி. "முதல் நோயாளி எங்க?" என்று கேட்டவருக்கு, யாரோ ஒரு புண்ணியவான் "எல்லாம் முடிஞ்சுதுங்க" என்று சொல்லிவைக்க, அவர் பூங்கொத்தைப் பெட்டி மேலேயே வைத்து, இரண்டு நிமிடம் தலைகுனிந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறார்.

ஆகவே சம்பந்தி, தப்பு என்னுடையது என்று மாப்பிள்ளையிடம் ஒரு கடிதம் போட்டுச் சொல்லிவிடுங்கள். பெரிய டாக்டரிடமும் நானே ஒப்புக்கொள்கிறேன், வேண்டுமானால் எந்தத் தண்டனையும் தரட்டும். கண்டக்டரைப் பக்கத்திலிருந்து பிரிக்காமல் இருந்தால் போதும். இனி ஸ்டிக்கர் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்கமாட்டேன். இது சத்தியம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். வீட்டிலுள்ள சிறியவர்களுக்கு என் ஆசிகள், யாரும் நாற்காலியில் ஏற வேண்டாம் என்ற புத்திமதியும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் கண்டக்டர் மகன் வந்து அவரை டிஸ்சார்ஜ் பண்ணி அழைத்துப் போய்விட்டான். இன்றைக்குப் போவது அவருக்கு முந்தாநாளே தெரியுமாம், பாவி மனுஷன், சொல்லவேயில்லை. கதவு வரை போய்த் திரும்பி "எங்க இறங்கணும்?" என்று என்னைக் கேட்டார். கடிதம் போட்டுச் சொல்லுங்கள் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். இதெல்லாம் நேரில் வந்து சொல்ல வேண்டிய விஷயம். வரும்போது அந்த முழங்கால் வலியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள், இங்கே நன்றாகப் பார்க்கிறார்கள். கண்டக்டர் கட்டிலைத் தூக்க ஆள் வந்தார்கள், மாப்பிள்ளை சொல்லாமல் தொடக்கூடாது என்று விரட்டிவிட்டேன். அதிலிருந்த 12 ஸ்டிக்கரைப் பத்திரமாக உரித்துத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். தாங்கள் வந்தால் போதும், ஒட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.