ஓடைக்கு இந்தப் பக்கம்

அன்று மழை பெய்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டெஸ்மண்ட் தொப்பலாக நனைந்திருந்தது நினைவிருக்கிறது. ஆனால் டாஸ்மேனியாவில் குகைக்குள் போய் வருகிறவன் எந்தக் காலத்திலும் நனைந்துதான் வருவான்.

குகைக்குள்ளிருந்து தலையை நீட்டியதும் அவன் மூக்குக்கு நேராக, யாரோ அடித்து வைத்த ஒரு மர முளை நின்றது. முளையில் இளஞ்சிவப்பு நாடா. அதற்கப்பால் இன்னொன்று. வரிசை சரிவில் இறங்கிப் பண்ணை வேலி வரை போயிற்று.

"ரோடு போடப் போறாங்கய்யா," என்றாள் பின்னாலேயே ஊர்ந்து வந்த குகைச் சங்கத் தோழி கெய்லீன். "நேரா நம்ம மூச்சு மேலயே."

மூச்சு என்பது அந்தக் குகைக்கு அவர்கள் வைத்த பெயர். வெயில் நாளிலும் அதன் வாயிலிருந்து குளிர்காற்று வரும். உள்ளே கூரையிலிருந்து நூல் நூலாக வெள்ளைச் சுண்ணாம்புக் குழல்கள் தொங்கும். உரக்கத் தும்மினாலே உதிர்ந்துவிடும். அவற்றை அளந்து வரைவதிலேயே டெஸ்மண்டின் சனி, ஞாயிறுகள் கழிந்திருந்தன. குகைச் சங்கத்தின் பதிவாளர் அவன். சம்பளம் கிடையாது. மண்வாரி இயந்திரம் ஒருமுறை மேலே ஏறினால் போதும், பதிவு செய்ய எதுவும் மிஞ்சாது.

மறுநாள் சாலை அலுவலகத்துக்குப் போன் செய்தான்.

"நீங்க ரோடு போடுற இடத்துல ஒரு குகை இருக்கு."

"அப்படியா? சரியா எந்த இடத்துல சார்?" என்றது மறுமுனையில் ஒரு பெண் குரல்.

டெஸ்மண்ட் போனை மறு காதுக்கு மாற்றினான். வெளியாட்களிடம் இடத்தைச் சொல்லக் கூடாது என்பது சங்க வழக்கம். சொன்னால் அடுத்த வாரமே யாராவது குழல்களை ஒடித்து வீட்டு அலமாரிக்கு எடுத்துப் போய்விடுவார்கள்.

"அந்த மலையில... பொதுவா," என்றான்.

"பொதுவா இருக்குற குகைக்காக நாங்களும் பொதுவா வருத்தப்படுறோம் சார்," என்று அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்றாள் கெய்லீன்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

"வழக்கத்த நீயே வச்சுக்க. நான் போய் முளையப் புடுங்குறேன்."

பிடுங்கினாள். சாலைக்காரர்கள் திரும்பி வந்து, அதே வரிசையில் நீளமான இரும்புக் கம்பிகளை அறைந்துவிட்டுப் போனார்கள். ஒரு கம்பி குகைக் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே நீட்டியது. டெஸ்மண்ட் அதன் கீழே போய் உட்கார்ந்தான். பிறகு பென்சிலை எடுத்து, 'இரண்டாம் வாசல், கை நுழையாது' என்று குறித்துக்கொண்டான்.

"இனிமே வழக்கம் கிழக்கம்னு பேசின, உன்ன அந்த வாசல் வழியாத்தான் உள்ள அனுப்புவேன்," என்றாள் கெய்லீன்.

திங்கட்கிழமை மண்வாரி வந்து நின்றது. மேஸ்திரி டேரில் அதன் நிழலில் உட்கார்ந்து இறைச்சி அடைத்த மீட் பை தின்றுகொண்டிருந்தான். டெஸ்மண்ட் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வெளியாளுக்குக் குகையின் வாயைக் கைகாட்டினான்.

"இங்க குகை இருக்கக் கூடாதேப்பா," என்றான் டேரில், வண்டியிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தபடி. "பாரு, ஓடைக்கு அந்தப் பக்கம்ல போட்டிருக்கு. உங்க சங்கம் குடுத்த படம்தான். கீழ டெஸ்மண்ட் பிரிட்ச்சர்டுன்னு கையெழுத்து இருக்கு. யாரு அந்த ஆளு?"

கெய்லீன் மெல்லத் திரும்பினாள்.

"வெளிய குடுக்குற படத்துல எல்லாக் குகையையும் கொஞ்சம் தள்ளித்தான் குறிப்போம்," என்றான் டெஸ்மண்ட், தன் பூட்ஸைப் பார்த்தபடி. "திருட வர்றவன் ஏமாந்து போகட்டும்னுதான். நீங்க உங்க மேலிடத்துல சொல்லிப் பாருங்களேன். ஒரு குகைக்காக ரோட்டக் கொஞ்சம் தள்ளிப் போட மாட்டாங்களா?"

டேரில் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான்.

"தள்ளிப் போட்டோமேப்பா. மொத பிளான்ல ரோடு ஓடைக்கு அந்தப் பக்கம்தான் போச்சு. உங்க குகைக்காகத்தான் இந்தப் பக்கம் கொண்டு வந்தோம்."

சாலை பழைய வழிக்கே திரும்பியது. மூச்சு பிழைத்தது. கெய்லீன் சங்கத் தலைவரானாள். டேரில் உறுப்பினரானான். டெஸ்மண்ட் இன்னும் பதிவாளர்தான். அந்த வேலைக்கு வேறு யாரும் கை தூக்கவில்லை.